வளவுக்குள் காயா

காயாம்பூ வண்ணன் என்று சொல்லிக் கும்பிடுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. வல்லிபுர ஆழ்வார் கோவிலில் அந்தச் சொல்லைக் கேட்காமல் வர முடியாது. ஆனால் காயாப் பற்றை ஒன்றின் முன் கொண்டுபோய் நிறுத்தினால், பூவில்லாத நாளில் அதை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. பூக்காத நாட்கள்தான் ஆண்டில் பெரும்பகுதி என்பதால், காயா எங்கள் கண் முன்னாலேயே காணாமல் போகிறது. வேலி கட்டும்போது வெட்டுகிறார்கள், வீடு கட்டும்போது டோசர் போட்டுத் தள்ளுகிறார்கள். பிறகு நேர்சரிக்குப் போய் வெளிநாட்டுக் குரோட்டன் வாங்கி வைக்கிறார்கள்.

என்னுடைய வளவு யாழ்ப்பாணத்து உரும்பிராயில். நல்ல செம்பாட்டு மண், ஆனால் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அங்கே காயாவைக் கொண்டுவந்து வளர்த்துப் பூக்க வைத்த அனுபவத்தை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். வளர்ப்பதைவிட அடையாளம் காண்பதுதான் கஷ்டமான பகுதி. அதனால் முதலில் அது.

காயா இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இயல்பாக வளர்கிற பசுமைமாறாச் செடி. தமிழ்நாட்டுக் கரையோரங்களில் காசான் என்கிறார்கள். தாவரவியல் பெயர் மெமிசைலொன் அம்பெலேட்டம். விட்டால் சிறுமரமாக 10, 15 அடிக்கு மேலும் போகும். ஆனால் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு அடியிலிருந்து பல தடிகளாகத் தழைத்த பற்றையாகத்தான் நாங்கள் அதிகம் காண்பது. வன்னிப் பக்கம் பாலை, வீரை, கருங்காலி நிற்கிற காடுகளில் இடையில் ஒதுங்கி நிற்கும். குடாநாட்டுக்குள் அப்படிக் காடு மிச்சமில்லை. தென்மராட்சியில் பழைய காணி எல்லைகளிலும், ஆள் அதிகம் கைவைக்காத கோவில் வளவுகளிலும் தேடிப் பார்க்கலாம்.

நான் முதலில் சரியாகப் பார்த்தது வரணியில், உறவினர் வீட்டுப் பின்வேலியில். களாவும் சூரையும் பின்னிக் கிடந்த இடத்தில் முள்ளே இல்லாமல் ஒரு பச்சை. நாவல் கன்று என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆடுகளுக்குக் குழை வெட்ட வந்த வயதான ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பிள்ளை, நாவலெண்டால் இலையைக் கசக்கினால் மணக்குமெல்லே. உது காயா. உதின்ர தடி நல்ல வைரம். நாங்கள் மண்வெட்டிக்குப் பிடி போடுறது." அவர் சொன்ன அந்த மணச் சோதனையை நான் இன்றைக்கும் முதலில் செய்கிறேன். நாவல் இலையைக் கசக்கினால் பச்சையாக ஒரு வாசம் கட்டாயம் வரும். காயாவின் இலையில் சொல்லும்படி ஒரு மணமும் இல்லை.

ஆனால் மணம் இல்லாத இலை எல்லாம் காயா ஆகிவிடாது. பூவில்லாத நாளில் நான் பார்க்கிற ஒழுங்கு இப்படி: இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாக இருக்கின்றனவா என்பது முதல் கேள்வி. ஒன்றுவிட்டொன்றாக மாறி மாறி இருந்தால் அது காயா இல்லை. வீரையும் பாலையும் குருந்தும் இந்த இடத்திலேயே கழிந்துவிடும். அடுத்தது, இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா. வந்தால் களாவாக இருக்கலாம். களாவுக்கு முள்ளும் உண்டு, ஆனால் இளம் கிளை ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். பால் இல்லை, சோடி இலை என்றால் வெட்சி இனங்களையும் யோசிக்க வேண்டும். அவற்றில் ஒரு சோடி இலையின் இரண்டு காம்புகளுக்கும் நடுவே, தண்டோடு ஒட்டியபடி சின்னதாக ஒரு கூர்ச்செதில் இருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். காயாவில் அந்த இடம் வெறுமை.

இவ்வளவும் கழித்தபின் இலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். தடித்த, தோல் மாதிரியான இலை, 2, 3 அங்குல நீளம், மேற்புறம் மினுக்கம். நடுநரம்பு தெளிவாகத் தெரியும். பக்க நரம்புகள் இருக்கின்றனவா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு மங்கல். காயா சேர்ந்த குடும்பத்தின் மற்றச் செடிகள் பலவற்றில் இலையடியிலிருந்து நுனிவரை மூன்று, ஐந்து நரம்புகள் நெடுக ஓடும். அதைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம். காயாவில் அந்த அடையாளம் இல்லாததால் புத்தகம் பார்த்துத் தேடுகிறவர்கள் தடுமாறுகிறார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் நம்பிக்கையான அடையாளம் இலையில் இல்லை, பழைய தடியில் இருக்கிறது. இலை உதிர்ந்துபோன கணுக்களைப் பாருங்கள். அங்கே மொத்தையாகப் புடைத்து, மேடு மேடாகச் சொரசொரத்துக் கிடக்கும். ஒவ்வொரு முறையும் பூங்கொத்து அதே இடத்திலிருந்து வந்து விழுந்து வந்து விழுந்து உண்டான தழும்பு அது. இலைக்கக்கத்திலும் பூக்கும், இலையில்லாத பழைய கணுவிலும் பூக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கவ்வாத்துப் பற்றிச் சொல்லும்போது திரும்ப வரும்.

பூ வந்துவிட்டால் சந்தேகமே இல்லை. ஒரு பூ கால் அங்குலம்தான். நாலு இதழ், எட்டு மகரந்தக் கேசரம், கேசரத்தின் காம்பும் நீலம். ஆனால் கொத்துக் கொத்தாக, தடி நெடுகத் திரண்டு வரும்போது கிளைக்கு நீலச்சாயம் ஊற்றியதுபோல் இருக்கும். எங்கள் பக்கத்து வளவுகளில் நீலப் பூ என்றால் சங்குப்பூவை விட்டால் வேறென்ன இருக்கிறது? ஒரு செடி முழுக்க ஒரே நேரத்தில் நீலமாவது இந்த மண்ணுக்குரிய செடிகளில் எனக்குத் தெரிய இது ஒன்றுதான். மலர்ந்த பூ அதிக நாள் தங்காது. காலையில் போனால் மரத்தடி நீலமாகக் கிடக்கும், தேனீயும் ஈயும் மேலே மிச்சத்தில் நிற்கும். படம் எடுப்பதென்றால் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையில் இந்தப் பேரினத்தில் மட்டும் 30 அளவில் இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை தெற்கின் ஈரவலயக் காடுகளில்; பல இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. உலர்வலயத்தில் நாங்கள் குழம்பக்கூடியது மெமிசைலொன் கப்பிட்டெல்லேட்டம். அதில் பூக்கள் காம்பே இல்லாததுபோல் கணுவோடு ஒட்டித் திரண்டிருக்கும். நான் சொல்கிற காயாவில் கொத்துக்குத் தனியாக ஒரு காம்பு தெரியும், அதன் நுனியில் பூக்கள் குடைக்கம்பிபோல் விரியும். சிங்களத்தில் காயாவைக் கொறகஹ என்கிறார்கள். வளர்ப்பு முறையில் பெரிய வித்தியாசம் பார்க்கத் தேவையில்லை. பெயர் சரியாக வேண்டுமென்கிறவர்கள் பூ, இலை, தடி மூன்றும் தெரியப் படம் எடுத்து, பேராதனைத் தேசிய உலர்தாவரச் சேகரத்தில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை.

சரி, கண்டுபிடித்தாயிற்று. உடனே மண்வெட்டியோடு காட்டுக்குப் போகக்கூடாது. ஒதுக்கக் காட்டில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம், அது ஒரு காரணம். இரண்டாவது காரணம் இந்தப் பக்கத்துக்கே உரியது. முகமாலைப் பக்கம், அதைச் சுற்றிய பற்றைகள், இன்னும் மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை நிற்கிற எந்த இடமானாலும் செடி பார்க்கக் கால் வைக்கும் இடமில்லை. பலகை விழுந்துபோன இடங்களும் இருக்கும், ஊர்க்காரரைக் கேட்காமல் பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். மூன்றாவது, பிடுங்கின காயா பிழைப்பதே அரிது. ஆழமாகப் போன வேர், சுற்றிவரக் கல். வேர் அறுந்த செடி இலையைக் கொஞ்ச நாள் வைத்திருந்து ஆசை காட்டிவிட்டுக் காய்ந்துபோகும். தெரிந்தவர் காணியில் நிற்கிற செடியில் பழம் கேட்டு வாங்குங்கள். யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அதற்கு என்ன பெயர் என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் பூக்கும். அதன்பின் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றடிக்கிற காலத்தில் காய் திரண்டு, பச்சை நிறம் மாறி, கடைசியில் கறுப்பாகும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைப் பழம், தலையில் சின்ன வட்டக் கிரீடம். தின்னலாம், ஆனால் துவர்ப்பு. நாவல்பழத்தை எதிர்பார்த்து வாயில் போடுகிற பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு விதை.

விதையைக் காய வைத்துப் போத்தலில் போட்டுவைக்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது சரி. காயாவுக்கு ஆகாது, உலர்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். பழம் கறுத்து, தொட்டால் கையோடு வருகிற பதத்தில் எடுத்து, சதையைத் தேய்த்துக் கழுவி, அன்றைக்கோ அடுத்த நாளோ விதைக்க வேண்டும். நேரமில்லையென்றால் ஈரமான மணலுக்குள் வைத்துக்கொள்ளலாம், அதுவும் கொஞ்ச நாள்தான். குருவிகள் முந்திக்கொள்ளும் என்பதால் நான் ஒன்றிரண்டு கொத்துகளுக்குப் பழைய நுளம்புவலைத் துண்டைக் கட்டிவிடுவேன். எல்லாக் கொத்துக்கும் கட்டுவதில்லை. கொண்டைக்குருவிக்கும் குயிலுக்கும் மிச்சம் இருக்கட்டும்.

விதைப்பதற்குப் பொலித்தீன் பையில் ஆழமான பையாகப் பாருங்கள், ஆணிவேர் முதலில் கீழே போகும். மணலும் உக்கின இலைமண்ணும் பாதிப் பாதி. விதையை அதன் தடிப்பு மறையும் அளவுக்குத்தான் மண்ணால் மூட வேண்டும். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. பிறகு மறந்துவிட வேண்டியதுதான். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது, சிலது மாதக்கணக்கும் எடுக்கும். செத்துவிட்டதென்று பையைக் கொட்டுகிறவர்கள்தான் இதில் அதிகம் தோற்கிறார்கள். முளைத்த பிறகும் அவசரம் காட்டாது. முதல் ஆண்டில் ஒரு சாண் வளர்ந்தால் திருப்திப்பட வேண்டும். வைரமான தடி வேண்டுமென்றால் அது மெதுவாகத்தான் வரும். தடி வெட்டி ஊன்றி எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கிளுவைக் கதியாலும் பூவரசங்கதியாலும் வேர்விடுகிற மாதிரிக் காயாத்தடி விடாது. விதைதான் நம்பிக்கை.

நடுவதற்கு ஐப்பசி மழை தொடங்கி மண் நன்றாக ஊறின நேரமே சரி. கார்த்திகை, மார்கழி மழையை முழுதாகக் குடித்துவிட்டால் தை கடந்த வெயிலைத் தாங்கும் வேர் வந்துவிடும். தையிலோ மாசியிலோ நட்டால், பிறகு ஆவணி வரைக்கும் வாளியும் கையுமாகத் திரிய வேண்டும். கன்று பையில் ஓர் ஆண்டு கடந்து, தண்டு மரநிறம் பிடித்தபின் நடுவது நல்லது.

இனி மண். யாழ்ப்பாணத்தில் காயா வளர்ப்பதில் இதுதான் உண்மையான போராட்டம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காயா மண்ணிலிருந்து அலுமினியத்தை எடுத்து இலையில் சேர்த்து வைக்கும் இயல்புள்ள செடி. இந்த இயல்பு புளிப்புத்தன்மையுள்ள மண்ணுக்குப் பழகின செடிகளில்தான் பெரும்பாலும் காணப்படுவது. எங்கள் நிலமோ சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கிற நிலம். சுண்ணாம்பு கூடின மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாத வடிவத்தில் இறுகிப்போகும். விளைவு, புதிதாக வரும் தளிர் பச்சைக்குப் பதில் வெளிறின மஞ்சளாக வரும், நடுநரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பழைய இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு கதை, வயதாகவோ தழைச்சத்துக் குறைவாகவோ இருக்கலாம். தளிர் மஞ்சளென்றால் சுண்ணாம்பைச் சந்தேகியுங்கள்.

நடுமுன்பே பார்த்துக்கொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. குழி தோண்டி அடிமண்ணில் ஒரு பிடி எடுத்துக் காயவைத்து, மேலே கொஞ்சம் வினாகிரி விட வேண்டும். நுரைத்துப் பொரிந்தால் சுண்ணாம்பு. பேசாமல் உறிஞ்சிக்கொண்டால் அந்த இடம் பரவாயில்லை. ஒரே வளவுக்குள் இடத்துக்கிடம் மாறும். என்னுடைய வளவில் கிணற்றுப் பக்கம் நுரைத்துத் தள்ளியது, வேலியோரம் அமைதி. காரணம் பிறகுதான் விளங்கியது. கிணறு வெட்டின கல்லும், உடைந்த பழைய வீட்டின் சுண்ணாம்புச் சாந்தும் அந்தப் பக்கம்தான் பரவிக் கிடந்தன. போருக்குப் பின் திரும்பி வந்து வீடு கட்டின வளவுகளில் பழைய சுவர் இடிபாடு மண்ணுக்குள் எங்கே போனதென்று யாருக்கும் நினைவிருக்காது. வினாகிரி சொல்லிவிடும்.

நுரைக்காத இடத்தில் 2 அடி ஆழம், 2 அடி அகலம் குழி. அலவாங்கு கல்லில் முட்டினால் கல்லை உடைத்துக்கொண்டு இறங்குவதைவிட நாலடி தள்ளித் தோண்டுவது புத்தி. உடைத்த சல்லி எல்லாம் திரும்பக் குழிக்குள்ளேதான் விழும். குழியடியில் தோட்டக்காரர் புகையிலைக்கும் தென்னைக்கும் தாழ்க்கிற மாதிரிப் பனையோலையை வெட்டித் தாழ்த்து, மேலே குழை, அதன்மேல் மேல்மண்ணும் இலைமண்ணும் போட்டு, ஒரு மழை பெய்து மண் இறங்கவிட்டு நடுங்கள். ஓலையும் குழையும் உக்கும்போது அந்த வட்டத்துக்குள் மண்ணின் தன்மை காயாவுக்குக் கொஞ்சம் இணங்கி வரும். ஆனால் அது நிரந்தரமில்லை, ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் இலைச்சருகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சருகு மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது, ஒரு கையளவு தள்ளி இருக்கட்டும். கோடையில் காய்ந்த ஓலை இருக்கிற இடத்துக்குக் கறையான் கட்டாயம் வரும்.

சாம்பல் போடாதீர்கள். இதை ஒரு தனி வரியாகவே சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் வீடுகளில் அடுப்புச் சாம்பல் என்றால் முருங்கைக்கும் பூசணிக்கும் கொட்டுவது வழக்கம், அவை சந்தோஷமாக வளரும். அன்பு கூடினவர்கள் புதிதாக வந்த செடிக்கும் ஒரு சிரட்டை போடுவார்கள். பக்கத்து வீட்டு அன்ரி என்னுடைய கன்றுக்கு அப்படித்தான் கவனிப்புச் செய்தார். சாம்பலும் சுண்ணாம்பின் வேலையைத்தான் செய்யும். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, மாற்றிப் போட்டு, "அன்ரி, இது உங்கட முருங்கை மாதிரி இல்லை, சாம்பல் சேராது" என்று சொல்லிவைத்தேன். "அப்ப உது என்னத்தைத்தான் தின்னும்?" என்றார். நியாயமான கேள்வி. உக்கின இலைமண், ஆண்டுக்கொரு தடவை கொஞ்சம் மக்கின சாணம். வேறொன்றும் வேண்டாம்.

தண்ணீரிலும் அதே சுண்ணாம்பு இருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளைப்படை பிடிக்கிற கிணற்று நீரை நாளாந்தம் ஊற்றினால், பார்த்துப் பார்த்துச் செய்த குழியும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். சவர்க்கிணறு என்றால் சொல்லவே வேண்டாம். கூரையிலிருந்து பிடித்த மழைநீர் இருந்தால் கன்றுப் பருவத்தில் அதையே பாவியுங்கள். இல்லாவிட்டால் கிணற்று நீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாமல், வாரத்துக்கொரு முறை ஆழமாக இறங்கும்படி விடுங்கள். நட்டு இரண்டு கோடை தாண்டினால் காயா தண்ணீர் கேட்பதே இல்லை. வரட்சியில் இலை தொங்கும் மற்றச் செடிகளுக்கு நடுவே அது பளபளவென்று நிற்கும்.

கன்றுக்கு மதியத்துக்குப் பின் சற்று நிழல் இருந்தால் நல்லது. காட்டிலும் அது பெரிய மரங்களின் கீழ்தான் முளைத்து வருகிறது. சோளகம் நேரே அடிக்கிற இடமென்றால் முதல் ஆண்டுக்கு ஒரு கிடுகை மறைப்பாகக் கட்டிவிடலாம். வளர்ந்தபின் முழு வெயில் கிடைத்தால்தான் பூ நிறையும். ஆகவே பெரிய மாமரத்தின் கீழ் நிரந்தரமாக வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று கவலைப்பட்டுப் பயனில்லை.

பூக்க எத்தனை ஆண்டு என்று உறுதியாக ஒரு கணக்குச் சொல்ல மாட்டேன், மண்ணைப் பொறுத்தது. ஆனால் நன்றாக வளர்ந்தும் பூக்காத காயாச் செடிகளைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாவற்றிலும் காரணம் ஒன்றே: கத்தரிக்கோல். இலை அடர்ந்து வருவதால் வேலியாக வெட்டினால் அழகாக நிற்கும். மாதம் ஒருமுறை மட்டமாக வெட்டிப் பெட்டி மாதிரி வைக்கிறார்கள். முன்பு சொன்ன அந்தப் புடைத்த கணுக்களை நினைவுபடுத்துங்கள். பூ வருவது முதிர்ந்த தடியில். நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் தளிர் வரும், தடி முதிர நேரமே கிடைக்காது. பச்சை வேலி வேண்டுமென்றால் வெட்டுங்கள், அதற்கும் காயா நல்ல செடிதான். நீலம் வேண்டுமென்றால் வெட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

வெட்டத்தான் வேண்டுமென்றால் பழம் முடிந்த கையோடு, ஆடி, ஆவணியில். அதுவும் நுனிகளைச் சீவாமல், உள்ளே நெரிசலாக நிற்கிற தடிகளில் ஒன்றிரண்டை அடியோடு எடுத்துவிடுங்கள். அடியிலிருந்து தாராளமாகத் துளிர்க்கும். வரணியில் நான் பார்த்த அந்தப் பற்றைகூடப் பலமுறை குழைக்காக வெட்டுப்பட்டுத் தழைத்ததுதான்.

வெட்டின இலையை எறியாமல் வைத்திருந்தால் இன்னொரு வேலையும் பார்க்கலாம். மஞ்சள் சாயம் தரும் இலை இது. தும்பறைப் பாய் பின்னுகிற கண்டிப் பக்கத்துக் கைவினைஞர்கள் பதங்கிக் கட்டையின் சிவப்புச் சாயத்தோடு கொறகஹ இலையையும் சேர்த்துக் கொதிக்க வைப்பது பழைய வழக்கம். சாயம் போடும்போது சேர்க்கிற படிகாரத்தில் இருக்கும் அலுமினியம்தான் சாயத்தை நாரில் பிடிக்கச் செய்வது. இந்த இலையிலோ அது இயல்பாகவே சேர்ந்திருக்கிறது. பனையோலைச் சார்வை வைத்துப் பெட்டி, கடகம் இழைக்கிற எங்கள் பெண்கள் கடைச்சாயம் வாங்கித்தான் நிறம் போடுகிறார்கள். ஓலையில் இது எப்படிப் பிடிக்கிறதென்று அடுத்த கவ்வாத்துக்கு ஒரு பானை இலை அவித்துப் பார்க்க எண்ணியிருக்கிறேன். சார்வை தருகிறேன் என்று அன்ரி சொல்லியிருக்கிறார். மிஞ்சுகிற சாம்பலை மட்டும் முருங்கையடிக்கே கொண்டுபோகச் சொல்ல வேண்டும்.